இடக்கைப் பழக்கமும் அறிவாற்றலும்: ஓர் அறவியல் நோக்கு

உலகின் எச்சமுதாயத்தை எடுத்து நோக்கினும், அங்கு வாழ்வோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நுணுக்கமான வேலைகளுக்கு இடக்கையையே நாடுபவராக உள்ளார். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2020 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று இத்தொகையை நூற்றுக்கு 10.6 எனக் கணித்தது. இச்சிறுபான்மை சாதியாலோ மொழியாலோ சமயத்தாலோ வகுக்கப்பட்டதன்று. ஒரே தாயின் மக்களிடையே, ஏன், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிடையேகூட ஒருவர் வலக்கையராகவும் மற்றவர் இடக்கையராகவும் இருத்தல் உண்டு. இவர்களது சிந்தனை ஏனையோரது சிந்தனையிலிருந்து வேறுபட்டதா, ஆற்றலிற் கூடியதா குறைந்ததா என்னும் வினா மிகப் பழையது. இடக்கையர் மந்தபுத்தியினர், அமங்கலமானவர் என்று பழைய காலம் விடை கூறிற்று. இடக்கையர் பிறவிக் கலைஞர்கள், மேதைகள் என்று புதிய காலத்துச் சஞ்சிகைகள் விடை கூறுகின்றன. லியொனார்டோ டாவின்சியின் பெயர் உடனே துணைக்கு அழைக்கப்படும். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு விடைகளும் அடியில் ஒரே எண்ணத்தின்மீது நிற்கின்றன. கையொன்று ஏற்கத்தக்கதா அன்றா என்பதை அது தரும் பயனைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும் என்பதே அவ்வெண்ணம். அது சரிதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இவ்வினாவை நூல்களுக்குள் மட்டும் வைத்து நோக்குவதிலும், கையே வாழ்வாக அமைந்த ஓரிடத்தில் வைத்து நோக்குவது தெளிவு தரும். நுவரெலியா செல்வோர் புகையிரதத்தை விட்டிறங்கும் நானுஓயா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர். 1885 இல் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தது. ஊரைச் சூழ்ந்த தோட்டங்களில் பெண்களின் முதன்மைத் தொழில் கொழுந்தெடுத்தல். அத்தொழிலைச் சற்று நேரம் உற்று நோக்குபவருக்கு ஒன்று புலனாகும்: கொழுந்தெடுப்பவளுக்கு வலக்கை, இடக்கை என்ற பேதமில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ணிற் பட்டவுடன் அதற்கு அண்மையில் உள்ள கை அதனை நோக்கிச் செல்கிறது. அதற்குள் மற்றைய கை அடுத்ததை நாடிவிடுகிறது. இரு உள்ளங்கைகளும் நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகச் சென்று முதுகுக் கூடையில் விழுகிறது. ஒரு கையை மட்டும் நம்பியவள் நிரையிற் பின்தங்குவாள். கங்காணியின் ஏச்சுக்கும் ஆளாவாள். நிறுவையின்போது தராசு அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்கள் செய்யும் கவ்வாத்து வேலையிற் கத்தி ஒரு கையிலேயே இருக்கும். ஆயினும் அங்கும் வெட்டு சிதைவின்றி அமைந்ததா என்பதே பார்க்கப்படுகிறது. எந்தக் கை வெட்டியது என்பதன்று. காலைப் பெரட்டுக்களத்திலே எவரும் எவரிடமும் அவரது கையைப் பற்றி வினவுவதில்லை.

ஆனால் அதே கொழுந்துக்காரியின் மகள் பாடசாலைக்குச் சென்று பென்சிலை இடக்கையில் எடுத்தாளாயின், அந்தக் கை திடீரெனக் கண்காணிப்புக்கு உரியதாகிவிடுகிறது. வகுப்பறையில் அடிமட்டத்தால் விரலில் அடிக்கும் வழக்கம் அருகி வந்துள்ளதெனினும், ‘கையை மாத்து’ என்ற சொல் இன்னும் அருகவில்லை. தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படும் மொழி. ஆதலால் இடக்கையால் எழுதும் பிள்ளையின் கை தான் எழுதியதையே மறைத்தும் அழித்தும் செல்கிறது. மூவரும் நால்வரும் நெருங்கி அமரும் வாங்கில் அவளது முழங்கை அயலிலுள்ள பிள்ளையின் வலக்கையோடு மோதுகிறது. அயற்பிள்ளை முறையிடுகிறது. வலக்கையருக்கென ஆக்கப்பட்ட கத்தரிக்கோலை அவள் இடக்கையிற் பிடிக்கும்போது அலகுகள் ஒன்றோடொன்று இறுகாமல் விலகுகின்றன. கடதாசி வெட்டுப்படாமல் மடிகிறது. எழுத்துத் தாமதமாகிறது, கைப்பணி கோணலாகிறது. தாமதத்துக்கும் கோணலுக்கும் ‘மந்தம்’ என்ற பெயர் சூட்டப்படுகிறது. பிள்ளையின் அறிவைப்பற்றிக் கூறப்பட்டதாகத் தோன்றும் அத்தீர்ப்பு உண்மையில் வாங்கையும் கத்தரிக்கோலையும் பற்றியது.

காலையிற் பேதமற்றிருந்த கைகள் பகலில் உயர்ந்ததும் தாழ்ந்ததுமாகப் பிரிவது எங்ஙனம்? இவ்விடயத்தில் மொழி நடுநிலை வகிக்கவில்லை. ‘வலம்’ என்ற தமிழ்ச்சொல்லுக்கு வலப்பக்கம் என்பதோடு வெற்றி, வலிமை என்னும் பொருள்களும் உண்டு. வடமொழியில் ‘தட்சிண’ என்பது வலத்தையும் திறமையையும் ஒருங்கே குறிக்கும். இலத்தீன் மொழியில் இடத்தைக் குறித்த சொல் ஆங்கிலத்திற் கெடுநோக்கைக் குறிக்கும் சொல்லாயிற்று. மலையகப் பேச்சுவழக்கு இவற்றிலும் வெளிப்படையானது: வலக்கை ‘சோத்தாங்கை’, இடக்கை ‘பீச்சாங்கை’. நாகரிகம் கருதி எழுத்தில் தவிர்க்கப்படும் இப்பெயர்களே வழக்கத்தின் மூலத்தையும் காட்டிவிடுகின்றன. உண்ணும் கையைக் கழுவும் கையிலிருந்து பிரித்து வைத்தல், சவர்க்காரம் அரிதாகவும் நீர் பொதுப் பீலியிலிருந்து சுமந்து வரவேண்டியதாகவும் இருந்த லயன் வாழ்க்கையில், நோயைத் தடுக்கும் அறிவுடைய ஏற்பாடே. அதனை மூடநம்பிக்கை என்று எள்ளுதல் பொருந்தாது. ஆனால் பென்சில் சோறுமன்று, மலமுமன்று. உணவுத் தட்டுக்கென வகுக்கப்பட்ட விதி அதன் எல்லை கடந்து ஏட்டையும் எழுதுகோலையும் கைப்பற்றியபோதுதான் அறிவுடைமை வெறும் ஆணையாக மாறியது. ஏடு தொடக்கும் நாளில் பரப்பிய அரிசியின்மேல் முதலெழுத்தை எழுதுவிப்பதற்குக் குழந்தையின் வலக்கை விரலே பற்றப்படுகிறது. அக்குழந்தை எந்தக் கையை நாடும் இயல்பினது என்று அப்பொழுது பார்ப்பார் இல்லை.

உடலிலே காணப்படும் சிறியதொரு சமனின்மையைச் சமுதாயம் எடுத்துப் புனிதம், புனிதமின்மை என்னும் பெரும் பிரிவாக வளர்த்துவிடுகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரொபேர்ட் ஹேர்ட்ஸ் 1909 இல் எழுதினார். முதலாம் உலகப் போரில் இளமையிலேயே மாண்ட அவரது அக்கட்டுரை இத்துறையில் இன்றும் தொடக்கநூலாகக் கொள்ளப்படுகிறது. தமிழர் வரலாறு அவர் கூறியதற்குச் சான்றாக அமையும் அதேவேளை, அதனைச் சற்றே சிக்கலாக்கவும் செய்கிறது. சோழர் காலந்தொட்டுச் சமூகக் குழுக்கள் வலங்கை, இடங்கை என இரண்டாக வகுக்கப்பட்டிருந்தன. பொலன்னறுவையில் உள்ள, 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டு, புத்தரின் தந்தச் சின்னத்தைக் காக்கும் பொறுப்பேற்றோருள் இவ்விரு பிரிவினரையும் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் இப்பிரிவினர் சென்னையில் 1652 இலும் 1707 இலும் கலகம் விளைத்துக் கொண்டதையும் வரலாறு அறியும். இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இடங்கையினருள் முதன்மையானவர் கம்மாளர், அதாவது தச்சரும் கொல்லரும் பொற்கொல்லரும் சிற்பியரும். ஒரு சமுதாயத்திலே யாருடைய கைகள் ஆகத் தேர்ச்சி பெற்றவையோ அவர்களே அச்சமுதாயத்தின் ‘இடக்கை’ எனப் பெயர் பெற்றனர்.

சமய மரபும் இடத்தை முற்றாக ஒதுக்கவில்லை. அம்மையப்பர் வடிவில் உமை இடப்பாகத்தவள். ஆடவல்லான் அருள் சுரப்பதற்கென எடுத்த பொற்பாதம் இடப்பாதமே. முன் இடக்கரமே அதனைச் சுட்டுகிறது. மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் இறைவன் வலப்பாதத்தைத் தூக்கி ஆடுகிறான். ஊன்றிய கால் நோகுமே என்று இரங்கிய பாண்டியன் ஒருவன் வேண்டிக்கொள்ள, இறைவன் கால் மாறி ஆடினான் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் கதை. வலம்புரிச் சங்கின் செய்தி இதனினும் வியப்புக்குரியது. மன்னார்க் குடாவில் எடுக்கப்படும் சங்குகளுள் மிக அரியதாய், பெரும் விலை பெற்று, பூசையறையில் வைக்கப்படும் வலம்புரியை உயிரியலாளர் இடஞ்சுழிச் சங்கு என வகைப்படுத்துவர். சங்கை எந்த முனை மேலாகப் பிடித்து நோக்குவது என்பதில் இரு சாராரும் வேறுபடுவதே காரணம். ஒரே பொருள் பிடிக்கும் விதத்தால் வலமாகவும் இடமாகவும் ஆகிறது. அதுவன்றியும், ஆயிரங்களுள் ஒன்றாகப் பிறழ்ந்து சுருண்ட சங்கு, அரிது என்பதனாலேயே வழிபாட்டுக்கு உரியதாகிறது; பத்தில் ஒன்றாகப் பிறந்த பிள்ளையோ திருத்தப்படவேண்டியதாகிறது.

இனி விஞ்ஞானம் கூறுவதை நோக்கலாம். கைச்சார்பு பாடசாலையிலே தொடங்குவதன்று. கருவிலே பெருவிரல் சூப்பும் சிசுக்களை ஒலியலைப் படங்களின் வழி அவதானித்த பெல்பாஸ்ற் ஆய்வாளர்கள், அப்பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். 2005 இல் வெளியான அம்முடிவின்படி, கருவில் வலப் பெருவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராகவே வளர்ந்திருந்தனர். இடப் பெருவிரலைச் சூப்பிய 15 பேருள் 10 பேர் இடக்கையராயினர். எஞ்சிய ஐவர் வலத்துக்கு மாறியது இயல்பாலோ பழக்கத்தாலோ என்பது வேறு வினா. இரட்டையர் பற்றிய ஆய்வுகள் கைச்சார்பிற் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழக் காற்பங்கே பரம்பரையால் விளக்கத்தக்கது என்கின்றன. பதினேழு இலட்சம் பேரின் பரம்பரையலகுகளை நோக்கிய அண்மைய ஆய்வு இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 இடங்களைக் கண்டது. அவை ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. ‘இடக்கைப் பரம்பரையலகு’ என ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது என்பதே இதன் பொருள்.

இடக்கையர் ‘வலமூளையாற் சிந்திப்பவர்’ என்ற கூற்றுப் பரவலாக வழங்குகிறது. பேச்சாற்றல் பெரும்பாலோருக்கு மூளையின் இடது அரைக்கோளத்தைச் சார்ந்தது என்பதைப் போல் புரோக்கா 1860 களில் நிறுவினார். ஒரு கையை இயக்குவது எதிர்ப்புற அரைக்கோளமாதலால், இடக்கையருக்கு எல்லாம் தலைகீழாக இருக்கும் என்று அக்கால அறிஞர் ஊகித்தனர். 1977 இல் மொன்றியலிலிருந்து வெளிவந்த மருத்துவ ஆய்வு அவ்வூகத்தைத் தகர்த்தது. வலக்கையருள் நூற்றுக்கு 96 பேருக்கும், இடக்கையருள் நூற்றுக்கு 70 பேருக்கும் பேச்சு இடது அரைக்கோளத்திலேயே அமைந்திருந்தது. எஞ்சிய இடக்கையருள் ஒரு பாதியினருக்கு அது வலத்திலும் மறுபாதியினருக்கு இருபுறத்திலும் அமைந்திருந்தது. இடக்கையர் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்ட இனமல்லர். தமக்குள்ளேயே வலக்கையரைக் காட்டிலும் கூடுதலாக வேறுபடுபவர் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது.

ஆற்றல் பற்றிய செய்தி பலருக்கு ஏமாற்றம் தரலாம். நுண்ணறிவுச் சோதனைகளைத் திரட்டி நோக்கிய 2018 ஆம் ஆண்டு ஆய்வு, வலக்கையர் சராசரியிற் சற்றே கூடுதலான புள்ளி பெறுகின்றனர் என்றும், அவ்வேறுபாடு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது என்றும் கண்டது. பிறப்பின்போது மூளை ஊறுபட்ட சிலருக்குக் கைச்சார்பு இடத்துக்கு மாறுதல் உண்டு. ஆகவே சில நோய்களால் வருந்துவோரிடையே இடக்கையர் தொகை கூடுதலாக உள்ளது. அதனைத் தலைகீழாக்கி, இடக்கையர் நோய்க்கூறு உடையவர் என்று கொள்வது தர்க்கத்தின் தொடக்கப் பாடத்தையே மறந்த செயல். 1980 களில் நோர்மன் கெஷ்விண்ட் போன்ற பேரறிஞரும் கருப்பையில் உள்ள ஆண் சுரப்பொருளோடு இடக்கையையும் கணித ஆற்றலையும் நோய்களையும் ஒரே கயிற்றிற் கட்ட முயன்றார். பிற்காலச் சான்றுகள் அக்கயிற்றைத் தாங்கவில்லை. 1991 இல், வலக்கையர் சராசரியாக 75 வயதிலும் இடக்கையர் 66 வயதிலும் இறக்கின்றனர் என்ற செய்தி உலகைக் கலக்கியது. அக்காலத்து முதியோர் பலர் சிறுவயதில் வலத்துக்கு மாற்றப்பட்டவர்களாதலால், முதியோரிடையே இடக்கையர் எனப் பதிவானோர் தொகை குறைவாக இருந்தது; அவ்வளவே. வகுப்பறையின் அடிமட்டம் மரணப் புள்ளிவிபரத்திலும் தன் நிழலைப் பதித்திருந்தது எனலாம்.

மறுபுறத்துப் புகழுரையும் இவ்வாறே தேய்ந்துபோகிறது. இத்தாலிய மாணவர் 2,300 க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்விலே, கடினமான கணிதப் பிரசினங்களைத் தீர்ப்பதில் இடக்கையர் சிலர் முன்னின்றனர். எளிய கணக்குகளில் அவ்வேறுபாடு தோன்றவில்லை. படைப்பாற்றலைப் பற்றிக் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் 2025 இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் ஏறத்தாழ ஆயிரம் கட்டுரைகளைச் சல்லடையிலிட்டு, இடக்கையருக்குச் சிறப்பான படைப்பாற்றல் உண்டு என்பதற்குச் சான்றில்லை என முடித்தது. ஓவியரிடையும் இசைஞரிடையும் அவர்கள் சற்று மிகுந்து காணப்படுவது உண்மை. படைப்பாற்றல் வேண்டிய வேறு பல தொழில்களில் அவ்வாறு காணப்படுவதில்லை. டாவின்சி இடக்கையர் என்பது உண்மை. இடக்கையினால் அவர் டாவின்சியானார் என்பது வேறு கூற்று. 1909 இல் கப்பலிற் பயணஞ் செய்தவாறே ‘இந்து சுயராச்சியம்’ எழுதிய காந்தியடிகள், வலக்கை களைத்தபோது இடக்கையால் எழுதினார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதியில் நாற்பது பக்கங்கள் இடக்கையின் ஆக்கம். அச்சிட்ட நூலைப் படிப்போர் எவரும் அந்நாற்பது பக்கங்களைப் பிரித்துக் காட்ட இயலாது.

அப்படியாயின் இடக்கை சிந்தனையை எவ்வகையிலும் தொடுவதில்லையா? தொடுகிறது, ஆனால் எதிர்பார்த்த இடத்திலன்று. உளவியலாளர் டானியல் கசசாந்தோ 2009 இல் வெளியிட்ட சோதனைகளிலே, நல்லது என்று கருதும் ஒன்றையும் தீயது என்று கருதும் ஒன்றையும் இரு பக்கங்களில் வைக்கும்படி கேட்டபோது, வலக்கையருட் பெரும்பாலோர் நல்லதை வலத்திலும் இடக்கையருட் பெரும்பாலோர் நல்லதை இடத்திலும் வைத்தனர். மொழியும் சமயமும் பழமொழியும் வலமே நன்று என்று வாழ்நாள் முழுவதும் ஓதிய பின்னரும், இடக்கையரின் உள்ளம் தன் கைக்கு இலகுவான பக்கத்தையே நன்மையின் பக்கமாக உணர்ந்தது. 2011 இல் அவர் மற்றொருவருடன் இணைந்து ஒருபடி மேலே சென்றார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த வலக்கையர் நன்மையை இடத்திற் காணத் தொடங்கியிருந்தனர். உடல்நலம் உடைய வலக்கையர்க்கு வலக்கையில் தடித்த கையுறை மாட்டி, பன்னிரண்டு நிமிடங்கள் சிறு கட்டைகளை அடுக்கச் செய்தபோது அவர்களிடமும் அதே மாற்றம் தற்காலிகமாகத் தோன்றிற்று. உலகப் பெருஞ் சமயங்களும் மொழிகளும் ஆயிரமாண்டுகளாகக் காத்து வரும் ஒரு மதிப்பீடு பன்னிரண்டு நிமிடக் கையிடரினாற் புரண்டுவிடக் கூடியதென்றால், அதன் வேர் விண்ணிலன்று, பெரும்பான்மையோரின் தசைநார்களிலேயே இருந்தது என்று கருத இடமுண்டு. மெய்யியல் மாணவர் இச்சோதனையைச் சற்று நின்று நோக்குதல் தகும். நன்மை, தீமை என்னும் கருத்துகள் உடலைச் சாராத தூய அறிவின் விளைவு என்று வாதிடுவோருக்கு இது எளிதில் விடையிறுக்க இயலாத செய்தி.

இடக்கையர் தம் திறமையைக் காட்ட வேண்டியது என்ன என்பதற்குத் தமிழிசை உலகம் தெளிவான சான்று தருகிறது. பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோரோடு மிருதங்க மும்மூர்த்திகளுள் ஒருவராக எண்ணப்பட்டு, 1962 இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கியிருத்தல் கச்சேரி மரபு. இடக்கையர் வாசிக்கும்போது அவ்வாறு அமையவேண்டுமாயின் அவர் பாடகரின் மறுபக்கத்தில் அமரவேண்டும். அங்கு அமரும் வயலின் கலைஞர் இடம் மாறவேண்டும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்விட மாற்றம் அக்கால மேடையில் எளிதில் நிகழக் கூடியதாக இருக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்து முன்கொணர்ந்தார். பழனியின் தொப்பி நாதத்தை இசைவாணர் இன்றும் தனித்துப் பேசுவர். அந்நாதம் இடக்கையால் பிறந்ததா, மான்பூண்டியா பிள்ளை வழிவந்த புதுக்கோட்டை மரபாற் பிறந்ததா, இடையறாத சாதகத்தாற் பிறந்ததா என்று பிரித்துரைத்தல் இயலாது. இடம் மாறி அமர ஒருவர் இணங்கியிராவிடின் அது அவையை எட்டியிராது என்பது மட்டும் உறுதி.

துடுப்பாட்ட மைதானத்திலே இடக்கை உண்மையிலேயே ஆதாயம் தருகிறது. பந்துவீச்சாளர் வலக்கையரையே பெரிதும் எதிர்கொண்டு பழகியிருத்தலே அதன் காரணம். இடக்கையர் தொகை பெருகுமாயின் ஆதாயம் கரைந்துவிடும். அன்றியும் 1996 இல் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க இடக்கைத் துடுப்பாட்டக்காரர். பந்தை வீசியதோ வலக்கையால். மைதானத்தில் ‘இடக்கையர்’ எனப்படுவோர் எல்லாரும் அவ்வியல்பினர் அல்லர் என்பதற்கு அவரே சான்று.

இங்கேதான் அறவியல் வினா எழுகிறது. இடக்கைப் பிள்ளையைத் திருத்தாதீர்கள் என்று பரிந்துரைப்போர் பெரும்பாலும் கூறும் காரணம், அவள் மேதையாகக்கூடும் என்பது. நல்லெண்ணத்திற் கூறப்படும் இவ்வாதம் ஆபத்தானது. மேதையாகாத இடக்கைப் பிள்ளையின் நிலை என்ன? வாய்ப்பாட்டிலே தடுமாறும், சித்திரத்திலே சிறப்பற்ற, மற்றெல்லாப் பிள்ளைகளையும் போன்ற ஒரு பிள்ளைக்குத் தன் கையால் எழுதும் உரிமை இல்லையா? வேறுபாடு ஒன்று பொறுத்துக்கொள்ளப்படுவதற்கு முன் அது தன் பயனை நிரூபித்தாக வேண்டும் என்ற நிபந்தனையே இவ்வாதத்துள் மறைந்திருக்கிறது.

மலையக மக்கள் இந்நிபந்தனையை நன்கறிவர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை இத்தனை இலட்சம் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறிற்று. அவர்களுக்காகப் பேசிய நல்லோரும் தேயிலை ஈட்டித்தரும் அந்நியச் செலாவணியையே முதலிற் சுட்டுவதுண்டு. அவ்வாதம் உண்மையை உரைக்கிறது. எனினும் மனிதரின் இடத்தைத் தேயிலையின் விலையோடு பிணைத்துவிடுகிறது. வேலையாளைக் ‘கை’ என்றே ஆங்கிலம் வழங்கிற்று; தோட்டக் கணக்கேடு நாளுக்கு ஒரு ‘பேர்’ என்று எழுதிற்று. கையின் விளைச்சலே ஆளின் பெறுமதி என்னும் கணக்கு, வலக்கையை மட்டும் எழுதவிடும் வகுப்பறையிலும், மேதையென்பதனால் மட்டும் இடக்கையை மன்னிக்கும் சஞ்சிகையிலும் வேறு வேறு மையினால் எழுதப்படுகிறது.

எல்லாப் பயிற்சியும் ஒரு வகையில் உடலை வளைப்பதே, இதனை மட்டும் வன்முறை என்பது ஏன் என்று வினவுவோர் உளர். வினா நியாயமானது. எழுதக் கற்றலும் நேராக அமரக் கற்றலும் வளைத்தலே. அவற்றாற் பிள்ளைக்குப் புதியதோர் ஆற்றல் கிடைக்கிறது. கையை மாற்றுதலால் ஏற்கெனவே உள்ள ஆற்றல் பறிக்கப்பட்டு, அதற்கு ஈடாக அதனிலும் தாழ்ந்த ஒன்று தரப்படுகிறது. சிறுவயதில் வலத்துக்கு மாற்றப்பட்டு முதிர்ந்தோரின் மூளையை 2007 இல் படம்பிடித்து நோக்கிய ஆய்வாளர், விரல்களை நேரே இயக்கும் பகுதி பழக்கத்துக்கு இணங்கி மாறியிருப்பினும், செயலைத் திட்டமிடும் உயர்நிலைப் பகுதிகள் பழைய சார்பை விட்டுவிடவில்லை எனக் கண்டனர். கை மாற்றத்தாற் திக்குவாய் வரும் என்று 1930 களில் பரவிய கொள்கை உறுதிப்படவில்லை. அச்சமூட்டுவதற்காக அதனை எடுத்தாளத் தேவையுமில்லை. தீங்கு நேராவிடினும், காரணமின்றி ஒரு பிள்ளையின் கையைப் பறித்தல் முறையன்று என்ற வாதம் தானே நிற்கத்தக்கது. உணவின்போதும் பெரியோருக்கு ஒன்றைக் கொடுக்கும்போதும் வலக்கையைப் பயன்படுத்தப் பழக்குவதை இதனோடு குழப்புதல் வேண்டா. அவை பிறரோடு பழகும் முறைமையைச் சார்ந்தவை. சொல்லிப் பழக்கினாற் பிள்ளை எளிதிற் கற்றுக்கொள்ளும். எழுதுதலோ பிள்ளை தன் எண்ணத்தோடு தனித்து இருக்கும் வேளை.

செய்யவேண்டியவை மிகச் சில. செலவு சிறிதும் இல்லாதவை. இடக்கைப் பிள்ளையை வாங்கின் இடப்புற முனையில் அமரச் செய்தால் முழங்கை மோதுவதில்லை. கொப்பியின் மேல்விளிம்பை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைத்து, பென்சிலை நுனியிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலே பிடிக்கப் பழக்கினால், கை வரிக்குக் கீழே நின்று எழுதும். எழுதியது கண்ணுக்குத் தெரியும், அழிவதுமில்லை. கரும்பலகைக்கு அழைக்கும்போது அவள் பலகையின் எப்புறம் நின்று எழுதுவாள் என்பதை அவளிடமே விட்டுவிடலாம். ஏடு தொடக்கும் வேளையிலும் அரிசித் தட்டைக் குழந்தையின் முன்னே வைத்துவிட்டு, அதன் கையைப் பற்றுமுன் ஒரு கணம் பொறுத்திருந்தால், எந்தக் கை அரிசியை அளைய முந்துகிறது என்பதைக் குழந்தையே காட்டிவிடும்.